குத்தகையா, வாரமா?

வயலைக் குத்தகைக்கு எடுத்தவர், விளைந்தாலும் பொய்த்தாலும் பேசிய தொகையைக் கொடுக்க வேண்டும். வாரத்துக்கு எடுத்தவர் விளைச்சலில் பங்கு கொடுத்தால் போதும்.

நாட்டுக் கடனும் இப்படியே. அதைக் கட்டும் டொலரில் ஒரு பங்கு கொஸ்லந்த மலைக் கொழுந்தாலும் வருகிறது. தேயிலை விலை விழுந்தாலும், 2014இல் மீரியபெத்தையில் போல் மண் சரிந்தாலும், குத்தகையாகப் பேசிய தவணை குறையாது.

1985இல் பெரு, ஏற்றுமதி வருமானத்தில் 10 சதவீதமே கடனுக்கு என்றது. தனித்து நின்றதால் புதுக்கடன் கிடைக்காமல் தவித்தது. 1953இல் லண்டனில், கடன் கொடுத்தோர் கூடி, மேற்கு ஜெர்மனியின் கடனில் பாதியளவைத் தள்ளி, மீதியைச் சக்திக்கேற்பக் கட்ட இசைந்தனர். அதில் இலங்கையும் ஒப்பமிட்டது.

2022இல் நம் நாடே கடன் கட்டுவதை நிறுத்தியது. அன்று ஜெர்மனிக்குக் காட்டிய நியாயத்தை நமக்கும் கேட்பது பிச்சையல்ல.

சிந்திக்க: நம் கொழுந்தின் வருமானத்தில் முதற்பங்கு யாருக்கு?