பருத்தியில் செடிப்பேன்: பூச்சி சிறிது, கேடு பெரிது



பருத்தி இலையைத் திருப்பிப் பார்த்தால், அடிப்பக்கத்தில் மஞ்சளும் கரும்பச்சையுமாகச் சிறு பூச்சிகள் அப்பிக் கிடக்கும். அசுவினி என்றும் செடிப்பேன் என்றும் சொல்வோம். சாற்றை உறிஞ்சி இலையைச் சுருள வைக்கும். அது வடிக்கும் தேன்பிசினில் கரும்பூசணம் படரும். வெடித்த பஞ்சும் பிசுபிசுத்து விலை குறையும். இவை கண்ணுக்குத் தெரியும் கேடுகள். கண்ணுக்குத் தெரியாத கேடு, அது சுமந்து செல்லும் வைரஸ்.

நீல நோய்

பருத்தியில் அசுவினி பரப்பும் முக்கிய நோய் இது. 1949இல் மத்திய ஆப்பிரிக்காவில் அறியப்பட்டது. பின்னர் பிரேசில், அர்ஜென்டினா நாடுகளில் பெருஞ்சேதம் விளைவித்தது. இந்நோய்க்கான வைரஸ் வகை இந்தியப் பருத்தியிலும் இருப்பது 2012இல் பதிவானது. இலை கருநீலப் பச்சையாகிக் கீழ்நோக்கிச் சுருளும், நரம்பு மஞ்சளாகும், கணுக்கள் நெருங்கிச் செடி குட்டையாகும், பூவும் காயும் உதிரும்.

பரவும் விதம்

இந்த வைரஸ் செடியின் சாறு ஓடும் குழாய்களில் இருக்கிறது. அசுவினி ஊசி போன்ற வாயால் அங்கே குத்தி உறிஞ்சும்போது வைரஸும் உள்ளே போகிறது. குடலைக் கடந்து, உடல்நீரில் கலந்து, உமிழ்நீர்ச் சுரப்பியை அடைகிறது. அதன்பின் பல நாட்களுக்கு, அந்தப் பூச்சி குத்தும் நல்ல செடிகளிலும் உமிழ்நீரோடு இறங்குகிறது. டெங்குக் கொசு மனிதரிடம் செய்வதை இது செடியிடம் செய்கிறது.

ஆண் துணையின்றியே பெண் அசுவினி குட்டி போடும். அக்குட்டிகள் ஒரு வாரத்தில் தாயாகும். இடம் நெருக்கடியானால் இறக்கை முளைத்தவை பிறந்து, காற்றோடு அடுத்த காட்டுக்குப் போகும்.

மருந்து மட்டும் போதுமா?

நோய் பிடித்த செடியைக் குணமாக்க மருந்து கிடையாது. வட்டிக்குக் கடன் வாங்கிக் கண்டபடி மருந்தடித்தால், அசுவினியைத் தின்னும் பொறிவண்டும் சேர்ந்து சாகும். மிஞ்சிய அசுவினி தடையின்றிப் பெருகும். பணமும் வீண்விரயம், பாவமும் சேரும்.

செய்ய வேண்டியவை

1. அறுவடை முடிந்ததும் பருத்திமாரை வேரோடு பிடுங்குங்கள். மறுபடி துளிர்க்கும் பழைய செடியில்தான் வைரஸும் பூச்சியும் அடுத்த பருவத்துக்குக் காத்திருக்கும்.
2. இளஞ்செடிப் பருவத்தில் வாரம் இருமுறை இலையின் அடியைப் பாருங்கள். நோய்க்குறி கண்ட செடியை உடனே அகற்றுங்கள்.
3. யூரியாவை அளவோடு இடுங்கள். கொழுத்த இளந்தளிரில் அசுவினி அதிகம் பெருகும்.
4. வரப்போரம் தட்டைப்பயறு போடுங்கள், பொறிவண்டு தங்கும்.
5. பூச்சி தொடங்கும்போதே 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, இரவு ஊறவைத்து வடிகட்டி, 100 லிட்டராக்கி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் இலையடியில் தெளியுங்கள்.
6. அதற்கும் அடங்காவிட்டால், வேளாண்மை அலுவலரைக் கேட்டே மருந்து வாங்குங்கள்.

பக்கத்துக் காட்டுக்காரரிடமும் இதைச் சொல்லுங்கள். அவர் காட்டில் விட்ட பூச்சி நம் காட்டுக்கு வரும்; நம் காட்டில் விட்டது அவருக்குப் போகும்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதே நமக்குக் கற்றுத்தரப்பட்ட வழி. நம் உழைப்பிலும் விளைச்சலிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.