திக்கி ஓடும் படம்

காமிராவிற் பதிந்த வீடியோ ஒழுகி ஓடாது விட்டுவிட்டும் துள்ளியும் ஓடுமாயின், அக்குறை எவ்விடத்துப் பிறந்தது என்று துணிதலே முதற்கண் செயற்பாலது. இஃதறியாது பதிவையே அழித்துவிடுவார் பலர். படத்தைக் காட்டும் கருவியின் குறையும் பதிவின் குறையும் கண்ணுக்கு ஒரே தன்மையவாகத் தோன்றுதலே இம்மயக்கத்திற்குக் காரணம். முன்னையது தீரும், பின்னையது பெரும்பாலும் தீராது.

ஓடும் படம் என்பது உண்மையில் ஓடுவதன்று. நிலைத்த படங்கள் பல ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து காட்டப்பெறுதலின், கண் அவற்றை ஓர் இயக்கமாகக் கொள்கின்றது. அந்நிலைப்படம் ஒவ்வொன்றும் பிரேம் எனப்படும். ஊமைப்படக் காலத்திற் காமிராவைக் கையாற் சுற்றினர். விநாடிக்கு ஏறக்குறைய 16 பிரேமாகச் சுற்றியதைப் பிற்காலத்தார் 24 பிரேமாக ஓட்டினமையாலன்றோ, அப்படங்களில் மாந்தர் பொம்மைகள்போல் துள்ளி நடக்கின்றனர்! பேசும்படம் தோன்றியபின் ஒலி பிறழலாகாமையின் 24 என்பது நிலைபெற்றது. தமிழின் முதற் பேசும்படமாகிய 'காளிதாஸ்' வெளிவந்தது 1931-ல். நம் நாட்டுத் தொலைக்காட்சி கொண்ட அளவோ 25. அளவு எதுவாயினும், இடையே ஒரு பிரேம் விடுபட்டாலும் ஒன்றே இருமுறை வந்தாலும் கண் அதனை உணர்ந்துவிடும்.

தருமபுரியிலிருந்து பென்னாகரம் செல்லும் வழியிலுள்ள இண்டூரில் விடியவிடிய நிகழ்ந்த 'கர்ண மோட்சம்' என்னும் தெருக்கூத்தை, எம் வகுப்பினர் ஒரு காமிராவாலும் ஒரு கைபேசியாலும் பதிந்துவந்தோம். கூத்து வாத்தியார் முதியவர். அவர் பாடிய பாட்டுக்களிற் சில அவர் நெஞ்சிலன்றி ஏட்டில் இல்லாதன. விடுதிக் கணினியில் இட்டு நோக்கியபோது, கர்ணன் திரைக்குப் பின்னின்று வெளிப்படும் இடந்தொட்டே படம் திக்கலாயிற்று. அழித்துவிட்டு மீண்டும் பதியலாமே என்றார் ஒரு நண்பர். மீண்டும் ஓர் இரவு முழுதும் நின்று பாட அம்முதியவரால் இயலுமோ? ஒன்றையும் அழியாது ஆராயப் புகுந்தோம்.

காமிராவின் சிறுதிரையிலேயே அப்பதிவை ஓட்டிப் பார்த்தல் முதற் சோதனை. ஆண்டுப் பெரும்பகுதி இழுக்கின்றி ஓடிற்று. எனவே அப்பகுதியிற் குறை கணினியினது. இக்காலத்துக் காமிராக்கள் இடம் சுருங்கும்பொருட்டு ஒரு பிரேமை முழுதாக எழுதிப் பின்வருவனவற்றில் மாறிய பகுதிகளையே எழுதுகின்றன. எச்.265 என்னும் முறையில் இச்சுருக்கம் மிகுதி. சுருங்கியதை விரிக்கும் தொழில் பழைய கணினிக்குப் பெருஞ்சுமை. மெமரி கார்டிலிருந்தே நேராக ஓட்டினாலும் தடை நேரும். ஆதலின் பதிவைக் கணினியின் வன்தட்டிற் படியெடுத்து, அதனினின்று அளவிற் சிறிய ஒரு படியும் செய்து, அதனைப் பார்வைக்கும் தொகுப்பு வேலைக்கும் கொள்ளுதல் தக்கது. மூலத்தைத் தொடுதல் வேண்டா.

இரண்டாம் சோதனை பிரேம் பிரேமாக நோக்குதல். வி.எல்.சி. என்னும் மென்பொருளில் ஆங்கில அகரவரிசையின் ஐந்தாம் எழுத்தாகிய 'இ' விசையை அழுத்துந்தோறும் ஒரு பிரேம் நகரும். உறுப்பின் அசைவு சிறிது சிறிதாகச் சென்றால் பதிவு முழுமையானது. ஒரே பிரேம் இருமுறை வந்தாலும், அசைவு திடீரெனத் தாவினாலும் ஆங்கே குறையுண்டு.

இவ்வாறு நோக்கக் கைபேசிப் பதிவின் உண்மை புலனாயிற்று. மூலத்திற் பிரேம்கள் குறையவில்லை. அதன் அளவு 30. அதனை 25 அளவுள்ள தொகுப்பில் இட்டமையின், ஆறில் ஒரு பிரேம் தள்ளப்பட்டு விநாடிக்கு ஐந்து முறை படம் துள்ளியது. அன்றியும் கைபேசிகள் பல, மங்கிய ஒளியில் பிரேம் அளவைத் தாமே குறைத்துக்கொள்ளும். அளவு நிலையாதிருத்தலின் தொகுப்பு மென்பொருள் தடுமாறும். ஹேண்ட்பிரேக் முதலிய மென்பொருளால் நிலையான அளவிற்கு மாற்றிக்கொள்ளின் இக்குறை நீங்கும். குழல்விளக்கொளியிற் படத்தில் ஓடும் வரிகள் வேறு வகையின. நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி உடையது; விளக்கு 100 முறை மின்னும். ஷட்டர் 1/50 அல்லது 1/100 எனின் அவ்வரிகள் தோன்றா.

ஒகேனக்கல் அருவியை நண்பகலிற் பதிவோர்க்கு ஷட்டரே பகையாதலும் உண்டு. வெயில் மிகுதியால் அது 1/1000 வரை விரைந்துவிடும்; ஒவ்வொரு பிரேமும் கூர்மையாய் நிற்ப, நீர் ஒழுகாது தெறிக்கும். 25 பிரேமுக்கு 1/50 என வைத்து, லென்சின் முன் ஒளிகுறைக்கும் கண்ணாடி இடுதலே தீர்வு.

இனித் தீராத குறையைக் கூறுவாம். காமிரா பிறப்பிக்கும் விரைவிற்குக் கார்டு எழுதும் விரைவு ஈடுகொடாதபோது, பல காமிராக்கள் பதிவை நிறுத்திவிடும். சில பிரேம்களைக் கைவிட்டு மேற்செல்லும். ஈண்டு எண்களில் ஒரு மயக்கம் உளது. காமிராவின் அளவை மெகாபிட்டாலும், கார்டின் அளவை மெகாபைட்டாலும் கூறுவர். எட்டுப் பிட்டு ஒரு பைட்டு. ஆகவே 100 மெகாபிட்டு என்பது 12.5 மெகாபைட்டே. கார்டின்மீது வட்டத்துள் 10 என்றிருப்பின், விநாடிக்கு 10 மெகாபைட்டேனும் எழுதும் என்பது பொருள். வி30 எனின் 30. முகப்பிற் பெரிதாக அச்சிட்ட எண்ணோ பெரும்பாலும் படிக்கும் விரைவு, எழுதும் விரைவன்று. வணிகர் கையாளும் உயர்வுநவிற்சி அணி இதுபோலும்!

முதற் கார்டு நிறைந்தபின் நள்ளிரவிற் கிடைத்த வேறொரு கார்டில் வட்டத்துள் 10 என்றே இருந்தது. காமிராவின் அளவோ 100 மெகாபிட்டு. அதிற் பதிந்த பதினொரு நிமிடப் பகுதி காமிராவின் திரையிலும் திக்கியது. பிரேம் பிரேமாக நோக்கியபோதும் தாவியது. கர்ணன் சுழன்றாடும் அடவு அதில் உருக்குலைந்து கிடக்கின்றது. அதனை மீட்க வழியில்லை. ஆயின் ஒலி முறியவில்லை. முகவீணையும் மிருதங்கமும் வாத்தியாரின் குரலும் தொடர்ந்து கேட்கின்றன. ஆதலின் அப்பகுதியின் பாட்டுக்களைக் கேட்டுக்கேட்டு எழுதிவிட்டோம். ஐயமான சொற்கள் சில எஞ்சியுள்ளன. அவற்றை அவரிடமே படித்துக்காட்டித் தெளிதற்கு மீண்டும் இண்டூர் செல்கின்றோம்.