பிளாக்செயினில் ஆவணத்தைப் போடாதீர்கள், ஹேஷை மட்டும் போடுங்கள்

கல்லூரிச் சான்றிதழ், ஆய்வக அறிக்கை, கொள்முதல் ரசீது என்று எதையாவது பிளாக்செயினில் சேமிக்கும் வேலை உங்கள் தலையில் விழுந்திருந்தால், இது உங்களுக்கு. ஸ்மார்ட் கான்ட்ராக்ட் எழுதத் தெரியும், சர்வரில் கைவைத்த பழக்கம் உண்டு என்று வைத்துக்கொள்கிறேன்.

மின்சாரம் எங்கே வீணாகிறது? பிட்காயினில் பிளாக் நிரம்பி வழிந்தாலும் காலியாகக் கிடந்தாலும் மைனிங் இயந்திரம் அதே கரண்டைத்தான் குடிக்கும். அது நம் கையில் இல்லை. நம் கையில் இருப்பவை மூன்று: எந்தச் சங்கிலி, அதில் எத்தனை பைட், நாமே ஓட்டுகிற நோட்கள் எத்தனை. நீங்கள் எழுதும் ஒவ்வொரு பைட்டையும் அந்தச் சங்கிலியின் முழு நோட் ஒவ்வொன்றும் இறக்கிச் சரிபார்க்கிறது. பெரும்பாலானவை வட்டிலும் வைத்துக்கொள்கின்றன. உங்கள் ஒரு எம்பி பல்லாயிரம் இடங்களில் ஒரு எம்பி.

1. சங்கிலி தேவையா என்று கேளுங்கள். எழுதுவதும் நீங்கள், படிப்பதும் நீங்கள் என்றால் போஸ்ட்கிரெஸ் போதும். ஹேஷை ஊரறியப் பதிய பிளாக்செயின் வேண்டும் என்பதுகூட இல்லை. ஷ்யூரிட்டி என்ற அமெரிக்க நிறுவனம் 1995 முதல் நியூயார்க் டைம்ஸ் வரி விளம்பரத்தில் வாரம் ஒரு ஹேஷை அச்சிட்டே அதைச் செய்தது.

2. வேண்டும் என்றால் மைனிங் இல்லாத சங்கிலியாகப் பாருங்கள். எத்தீரியம் 2022 செப்டம்பர் 15 அன்று மைனிங்கைக் கைவிட்டபோது அதன் மின்செலவு ஏறக்குறைய 99.95 சதவீதம் குறைந்தது.

3. ஆவணத்தை வெளியே வையுங்கள். எத்தீரியத்தின் நிரந்தரச் சேமிப்பில் 32 பைட் கொண்ட ஒரு புதிய இடத்தில் எழுத 20,000 கேஸ். ஒரு எம்பிக்கு 32,768 இடங்கள்; மொத்தம் 65 கோடி கேஸுக்கு மேல். ஒரு பிளாக்கின் உச்சவரம்பே பல ஆண்டுகள் 3 கோடிதான் இருந்தது. எஸ்எச்ஏ-256 ஹேஷோ 32 பைட், ஒரே ஓர் இடம். ஆவணம் உங்கள் சர்வரில், ஹேஷ் சங்கிலியில். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

4. ஹேஷ் எப்போது போட்டாலும் ஒன்றாக வரும்படி செய்யுங்கள். இங்கேதான் எல்லாரும் விழுகிறார்கள். மாணவர் ஆறு மாதம் கழித்துச் சான்றிதழைக் கொண்டுவருகிறார். பார்வைக்கு ஓர் எழுத்தும் மாறவில்லை, ஹேஷ் மட்டும் ஒத்துப்போகவில்லை. உடனே ஒரு கூட்டம். ‘ஹேஷை நம்ப முடியாது, ஆவணத்தையே ஏற்றிவிடலாம்’ என்று முடிவாகிறது. மின்சாரத்தை வீணடிப்பது அந்தக் கூட்டம்தான்.

முதல் குற்றவாளி பிடிஎஃப். திறந்து மறுபடி சேமித்தாலே உள்ளே இருக்கும் தேதி மாறும், ஹேஷும் மாறும். ஆகவே பிடிஎஃப்பை ஹேஷ் போடாதீர்கள். பெயர், பதிவு எண், பட்டம், ஆண்டு ஆகிய தரவை ஜேசனாக்கி அதற்குப் போடுங்கள். ஜேசனிலும் இடைவெளியும் வரிசையும் மாறும். அதற்கென்றே ஆர்எஃப்சி 8785 இருக்கிறது. சொந்தமாக விதி வகுக்காதீர்கள்.

ஆனால் அந்த விதி யூனிகோடைத் தொடாது. தமிழில் இடறுவது அங்கேதான். ‘கொ’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ககரத்தோடு ஒகரக் குறியை ஒற்றைக் குறியீடாகச் சேமித்தால் யூடிஎஃப்-8இல் 6 பைட். ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடாக வந்தால் 9 பைட். திரையில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. ஹேஷ் முற்றிலும் வேறு. ஹேஷுக்கு முன் எல்லா உரையையும் என்எஃப்சி இயல்பாக்கத்துக்கு உட்படுத்துங்கள்; 9 பைட் வடிவம் 6 ஆகிவிடும். பைத்தானில் ஒரு வரி வேலை.

என்எஃப்சியும் எல்லாவற்றையும் காப்பாற்றாது. ‘கௌசல்யா’வில் ஔகாரக் குறியைத் தேடிச் சலித்து, ‘கெ’ அடித்துப் பக்கத்தில் ‘ள’ தட்டுகிறவர்கள் ஏராளம். கண்ணுக்கு அதே கௌசல்யா. கணினிக்கு வேறு ஆள். ‘ஸ்ரீ’யும் அப்படியே: ஸகரத்தில் தொடங்குவது ஒன்று, ஶகரத்தில் தொடங்குவது ஒன்று, பல எழுத்துருக்களில் தோற்றம் ஒன்றே. ஸ்ரீயைத் தானாகவே ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடலாம். ‘கெள’வை அப்படி மாற்றாதீர்கள், கெளுத்தி மீன் ரசீது கெட்டுப்போகும், தட்டச்சு செய்பவரைத் திரையில் கேளுங்கள். இரண்டையும் தரவு உள்ளே வரும் வாசலிலேயே செய்யுங்கள். ஹேஷ் போடும் இடத்தில் சத்தமில்லாமல் திருத்தினால் அச்சிட்ட தாள் ஒன்று சொல்லும், பதிவு வேறு சொல்லும்.

இன்னொன்று: பதிவு எண்ணையும் மதிப்பெண்ணையும் ஊகித்து ஊகித்து ஹேஷ் போட்டே உள்ளே என்ன இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம். ஒவ்வொரு ஆவணத்துக்கும் 16 பைட் தற்போக்கு எண் ஒன்றைச் சேர்த்து ஹேஷ் போடுங்கள். அந்த எண் ஆவணத்தோடு உரியவரிடமும் போக வேண்டும். தொலைந்தால் நிரூபிக்க வழியில்லை.

5. மொத்தமாகப் பதியுங்கள். ஆவணத்துக்கு ஒரு பரிவர்த்தனை என்பது அநியாயம். ரால்ஃப் மெர்க்கிள் 1979இல் கொடுத்த மரம் இருக்கிறதே! ஆயிரம் சான்றிதழின் ஹேஷ்களை இரண்டிரண்டாகச் சேர்த்துக்கொண்டே போனால் உச்சியில் 32 பைட் வேர் ஒன்று மிஞ்சும். அதை மட்டும் சங்கிலியில் எழுதுங்கள். ஒவ்வொரு சான்றிதழோடும் 10 ஹேஷ், அதாவது 320 பைட் சான்றுக் கோப்பு ஒன்றைக் கொடுத்தால் போதும். நாளுக்கு ஒரு முறை பதிவு, அதற்கு மேல் கூடாது. நிரல் எழுதச் சோம்பலா? ஓப்பன்டைம்ஸ்டாம்ப்ஸைப் பயன்படுத்துங்கள், பலருடைய ஹேஷ்களை ஒரே மரமாக்கி ஒரே பிட்காயின் பரிவர்த்தனையில் வைக்கிறது, கட்டணமில்லை. பிட்காயின்தான், ஆனாலும் உங்களால் கூடும் பைட் ஏறக்குறைய பூஜ்யம். உறுதியாகச் சில மணி நேரம் ஆகலாம், அவ்வளவே.

6. நோட்களைக் குறையுங்கள். பழைய நிலவரங்களை அலசும் வேலை இல்லையென்றால் எத்தீரியத்தில் ஆர்க்கைவ் நோட் வேண்டாம், சாதாரண முழு நோட் போதும். பிட்காயின் கோரில் புரூன் அளவை 550 என்று வைத்தால் 600 ஜிபியைத் தாண்டிய சங்கிலி முழுவதையும் சரிபார்த்துவிட்டு, கடைசிச் சில நூறு எம்பி பிளாக்குகளை மட்டும் வட்டில் வைத்துக்கொள்ளும். தனியார் வலையமைப்பில் பெசு க்யூபிஎஃப்டி ஓட்டுகிறீர்களா? பரிவர்த்தனை இல்லாதபோதும் காலி பிளாக்கைப் போட்டுக்கொண்டே இருக்கும். பிளாக் இடைவெளியைக் கூட்டுங்கள். ஃபேப்ரிக்கில் பரிவர்த்தனை வராமல் பிளாக் உருவாகாது. சோதனைக்கு ஏற்றிய நோட்களை வேலை முடிந்த அன்றே அணையுங்கள்.

இந்த ஆறில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் நான்காவதைச் செய்யுங்கள். ஒரே பெயரை விண்டோஸ் கணினியில், ஆண்ட்ராய்டு போனில், பழைய தரவுத்தள ஏற்றுமதியில் என்று மூன்று வழியில் கொண்டுவந்து, மூன்றுக்கும் ஒரே ஹேஷ் வருகிறதா என்று பாருங்கள். வந்தபிறகு முதல் பதிவைப் போடுங்கள். மற்ற படிகளைப் பின்னால் திருத்திக்கொள்ளலாம். தப்பான விதியில் போட்ட ஹேஷ் சங்கிலியில் ஏறிவிட்டால் அத்தனை ஆவணங்களையும் முதலிலிருந்து பதிய வேண்டும்.