மழையில் ரேஸ் பார்க்கப் போகிறீர்களா?

கள்ளக்குறிச்சியிலிருந்து இருங்காட்டுக்கோட்டைக்கோ சென்னைக்கோ ரேஸ் பார்க்கக் கிளம்புபவர்கள் முதலில் வானத்தைப் பார்க்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலால் சென்னை ஃபார்முலா 4 பந்தயமே தள்ளிப்போனது. 2024 ஆகஸ்ட் 31 அன்று தீவுத்திடலில் தொடங்கியபோதும் மழையால் தாமதம்தான். கிளம்பும் முன் வானிலை மையத்தின் ரேடார் படத்தையும் போட்டி நேரத்தையும் பார்த்துவிடுங்கள்.

வெள்ளிமலையிலிருந்து பைக்கில் இறங்குபவர்கள் டயரைக் கட்டாயம் பார்க்க வேண்டும். டயரின் பள்ளக்கோடுகளுக்குள் சிறு மேடு இருக்கும். அது இருக்கும் இடத்தைப் பக்கவாட்டில் உள்ள சின்ன முக்கோணக் குறி காட்டும். ரப்பர் அந்த மேட்டளவுக்குத் தேய்ந்திருந்தால், ஈரமான கொண்டை ஊசி வளைவில் தயவுசெய்து இறங்காதீர்கள். தண்ணீரை வெளியே தள்ள டயருக்கு வழியே இருக்காது. ரேஸ் வீரர்களும் மழை வந்தால் வழவழப்பான ஸ்லிக் டயரைக் கழற்றிவிட்டு, கோடு போட்ட டயருக்கு மாறுவது இதற்காகத்தான்.

கேலரியில் குடை வேண்டாம், பின்னால் இருப்பவருக்கு மறைக்கும். சட்டையும் பேன்ட்டுமாக வரும் மழைக்கோட்டு நல்லது. செல்போனுக்கு ஜிப் கவர் போதும். இடி இடித்தால் மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள் போய்விடுங்கள்.