டயர் கூறும் சாட்சியம்

மாட்டுச் சந்தைக்குச் செல்லும் விவசாயி ஒரு பார்வை பார்த்துவிட்டு மாட்டை ஓட்டி வருவதில்லை. பல்லைப் பிடித்துப் பார்க்கிறார், சுழி பார்க்கிறார், நாலு அடி நடக்கவிட்டுப் பார்க்கிறார், காலைத் தூக்கி, லாடம் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்றும் பார்க்கிறார். லாடம் ஒருபுறமாகத் தேய்ந்திருந்தால் குறை லாடத்தில் இல்லை, காலில் இருக்கிறது என்பதை அவருக்கு எவரும் சொல்லித் தர வேண்டுவதில்லை.

அதே விவசாயி பழைய மோட்டார் கார் வாங்கச் செல்லும்போது என்ன செய்கிறார்? வண்ணப் பூச்சின் பளபளப்பைப் பார்க்கிறார். எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று மீட்டரைப் பார்க்கிறார். டயரைக் காலால் ஒரு தட்டுத் தட்டுகிறார். முன்பணம் கொடுத்து விடுகிறார். பூச்சைப் புதிதாக அடிக்கலாம். மீட்டரையும் திருத்தி வைக்கலாம். ஆனால் வண்டி எவ்வாறு ஓடியது, எங்கே அடிபட்டது என்பதைத் தன் மேனியில் எழுதி வைத்திருக்கும் பொருள் டயர் ஒன்றே. அந்த எழுத்தைப் படிக்கும் முறையை இக்கட்டுரையில் காண்போம்.

நாம் செய்த பிழை

2023ஆம் ஆண்டு அறுவடைக்குப் பின், நமது வட்டாரத்து விவசாயி ஒருவர் நெல் விற்ற பணத்தில் பழைய கார் ஒன்றை வாங்கினார். சிறுநீரகம் பழுதுபட்ட தம் தாயாரை வாரம் இரு முறை டயாலிசிஸ் சிகிச்சைக்காக மாவட்ட மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதற்கே அவ்வண்டி. வாங்குமுன் நம்மையும் அழைத்துக் காட்டினார். நாம் வண்டியைச் சுற்றி வந்து பார்த்து, "பட்டன் நன்றாக இருக்கிறது, வாங்கலாம்" என்றோம்.

நாம் பார்த்தது டயரின் வெளி விளிம்பை மட்டுமே. உள் விளிம்பைப் பார்க்கவில்லை. நாலு மாதம் கழித்து, ஒரு விடியற்காலையில், ஏரிக்கரைச் சாலையில் முன்புற வலது டயர் வெடித்தது. அவர் பதறிப் பிரேக்கை மிதிக்காமல், ஸ்டீரிங்கை இறுகப் பிடித்து, வேகத்தைத் தானே குறையவிட்டு வண்டியை ஓரங்கட்டினார். அதனால் உயிருக்குச் சேதமில்லை. ஆயினும் அன்றைய சிகிச்சை நேரம் தவறிப்போய், மூச்சுத் திணறிய தாயார் மறுநாள் வரை காத்திருக்க நேர்ந்தது.

பஞ்சர் கடைக்காரர் அந்த டயரைப் புரட்டிக் காட்டினார். வெளிப்புறம் பட்டன் ஆழமாக இருந்தது. உட்புறத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ரப்பரே இல்லை. கம்பி வெளியே தெரிந்தது. "ஸ்டீரிங்கை ஒரு பக்கமாக முழுதும் ஒடித்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்" என்றார் அவர். அந்த ஒரு நிமிட வேலையை நாம் செய்யாமற் போனோம். அந்தப் பிழையை வாசகர்கள் செய்யலாகாது என்பதற்காகவே இதனை எழுதுகிறோம்.

தேய்வது குறையன்று

டயர் தேயத்தான் வேண்டும். ஆனால் அகலம் முழுவதும் ஒரே சீராகத் தேய வேண்டும். புதிய கார் டயரில் பள்ளத்தின் ஆழம் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் இருக்கும். பள்ளங்களின் அடியில் குறுக்கே சிறு ரப்பர் வரப்புகள் உண்டு. பட்டன் தேய்ந்து அவ்வரப்பின் மட்டத்துக்கு வந்துவிட்டால் ஆழம் 1.6 மில்லிமீட்டரே எஞ்சியுள்ளது என்று பொருள். அதற்கு மேலும் அந்த டயரில் ஓட்டுவது சட்டப்படியும் குற்றம். மழைக் காலத்தில் உயிருக்கும் ஆபத்து.

ஆழத்தை அளக்கக் கருவி இல்லையெனில் ஒரு தீக்குச்சி போதும். குச்சியைப் பள்ளத்தில் செங்குத்தாக நிறுத்தி, பட்டன் மட்டத்தில் நகத்தால் அடையாளமிட்டு, அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம். ஒவ்வொரு டயரிலும் உள் விளிம்பு, நடு, வெளி விளிம்பு என மூன்று இடங்களில் அளக்க வேண்டும். நான்கு டயருக்கும் சேர்த்துப் பன்னிரண்டு அளவுகள். அவற்றை ஒரு தாளில் எழுதிக் கொண்டால் பாதி நோய் புலப்பட்டுவிடும். இன்றைய சிறு கார்கள் பெரும்பாலும் முன்சக்கரங்களால் இழுக்கப்படுபவை. ஆதலின் முன் டயர்கள் பின் டயர்களைவிட விரைவில் தேய்வது இயல்பே. ஆனால் ஒரே டயரின் இரு விளிம்புகளுக்கிடையே ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் வேறுபாடு காணப்பட்டால் அது இயல்பன்று. காரணம் தேட வேண்டும்.

தேய்மானமும் காரணமும்

நெற்பயிரின் கீழ் இலைகள் மஞ்சளித்தால் தழைச்சத்துக் குறைவென்றும், கீழ் இலைகளின் ஓரம் கருகினால் சாம்பல்சத்துக் குறைவென்றும் நாம் அறிகிறோம். டயரிலும் அவ்வாறே. எந்த இடத்தில் தேய்வு என்பதே காரணத்தைச் சொல்லிவிடும்.

(1) இரு விளிம்பும் தேய்ந்து நடுப்பகுதி உயர்ந்திருத்தல்: காற்றுக் குறைவாக ஓட்டிய வண்டி. காற்றுக் குறைந்த டயர் நடுவில் உட்குழிந்து, பாரத்தை விளிம்புகளில் தாங்குகிறது. அதன் பக்கச் சுவர் ஒவ்வொரு சுழற்சியிலும் மடங்கி நிமிர்வதால் சூடேறுகிறது. சித்திரை வெயிலில், வண்டி நிறைய ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றிச் செல்லும்போது, டயர் வெடிப்பதற்கு இதுவே முக்கியக் காரணங்களுள் ஒன்று.

(2) நடுப்பகுதி மட்டும் தேய்தல்: அளவுக்கு மீறிக் காற்று அடித்ததன் விளைவு. எவ்வளவு காற்று வேண்டும் என்பது ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தால் அங்கே ஒட்டப்பட்டுள்ள சீட்டில் அச்சிடப்பட்டிருக்கும். வண்டி ஓடாமல் டயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும். ஓடிய சூட்டில் அளந்தால் அழுத்தம் கூடுதலாகவே காட்டும்.

(3) ஒரு டயரின் ஒரு விளிம்பு மட்டும் தேய்தல்: சக்கரம் செங்குத்தாக நில்லாமல் உட்புறமோ வெளிப்புறமோ சாய்ந்திருக்கிறது. பால் ஜாயிண்ட் தேய்ந்திருக்கலாம். அன்றிச் சக்கரத்தைத் தாங்கும் கை விபத்திலோ பெரும் பள்ளத்திலோ வளைந்திருக்கலாம். நமது விவசாயியின் வண்டியில் இருந்த நோய் இதுவே. முன்னொரு நாள் அடிபட்டு வளைந்த கையை நிமிர்த்தாமல், பூச்சை மட்டும் பூசி விற்றிருந்தார்கள்.

(4) முன் டயர்கள் இரண்டும் ஒரே பக்கத்து விளிம்பில் தேய்தல்: இரு சக்கரங்களும் நேரே நோக்காமல், உள்நோக்கியோ விலகியோ திரும்பியிருக்கின்றன. இதனை அறியக் கண்ணைவிடக் கையே சிறந்தது. பட்டன்மீது குறுக்காக உள்ளங்கையை மெல்லத் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும், எதிர்த்திசையில் கருக்கரிவாளின் பல்லைப்போல் சுரசுரப்பாகவும் இருந்தால் ஐயமில்லை. ஒரு சக்கரம் நேர்திசையிலிருந்து 1 டிகிரி திரும்பியிருந்தாலும், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 17 மீட்டர் பக்கவாட்டில் இழுபட்டதற்குச் சமமாகும். நூறு கிலோமீட்டர் ஓடினால் 1.7 கிலோமீட்டர் தூரம் டயரைத் தரையில் தேய்த்ததாகக் கணக்கு. டை ராடு முனைகள் தேய்ந்திருக்கின்றனவா என்று பார்த்து, பின்னர் வீல் அலைன்மெண்ட் செய்தால் இது தீரும்.

(5) சுற்றிலும் அங்கங்கே குழி குழியாகத் தேய்தல்: ஷாக் அப்சர்பர் வலுவிழந்து, சக்கரம் துள்ளித் துள்ளி ஓடியிருக்கிறது. வண்டியின் ஒரு மூலையைப் பலமாக அழுத்தி விடுங்கள். ஒரு முறை எழுந்து அடங்கினால் நன்று. தொட்டில்போல் ஆடிக்கொண்டிருந்தால் ஷாக் அப்சர்பர் போய்விட்டது. சக்கரத்தின் எடைச் சமன் தவறியிருந்தாலும் இத்தகைய குழிகள் விழும். அப்போது வேகம் கூடுகையில் ஸ்டீரிங் நடுங்கும்.

(6) ஓரிடத்தில் மட்டும் தட்டையாகத் தேய்தல்: ஓடும் வேகத்தில் திடீரென்று பிரேக் பிடித்துச் சக்கரம் சுழலாமல் இழுபட்டதன் அடையாளம். ஒரு சக்கரத்தில் மட்டும் இது மீண்டும் மீண்டும் தோன்றினால் அச்சக்கரத்துப் பிரேக்கைச் சோதிக்க வேண்டும்.

பின்சக்கரமும் ஈரத் தடமும்

பின் டயர்களின் விளிம்பு ஒருபுறமாகத் தேய்ந்திருப்பின் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். சிறு கார்கள் பலவற்றில் பின்சக்கரக் கோணத்தைத் திருத்தி அமைக்க வழியில்லை. ஆதலின் அங்கே தேய்மானம் காணப்பட்டால், பின் அச்சோ வண்டியின் உடற்சட்டமோ வளைந்திருக்கக் கூடும். அதனைச் சீர்செய்யும் செலவு பெரிது.

இதற்குக் கிராமத்திலேயே செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்றுண்டு. சமதளமான களத்தில் சிறிது தண்ணீர் தெளித்து, அதன்மீது வண்டியை நேராக ஓட்டச் செய்யுங்கள். பின்சக்கரத் தடங்கள் முன்சக்கரத் தடங்களோடு இருபுறமும் ஒத்த அளவில் பொருந்த வேண்டும். ஒரு பக்கம் தடம் விலகியும் மறுபக்கம் உள்ளடங்கியும் விழுந்தால் அவ்வண்டி நண்டுபோல் சாய்ந்து நடக்கிறது. அத்தகைய வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதிருப்பதே நலம்.

புது டயரைக் கண்டு மயங்கற்க

நான்கும் புது டயர் என்றால் மகிழ்ச்சியுறுவோர் பலர். சாட்சியைக் கலைத்துவிட்டார்களோ என்று ஐயுறுவதே அறிவுடைமை. அப்போது பழைய டயர்களைக் காட்டும்படி கேட்க வேண்டும். ஸ்டெப்னியையும் புரட்டிப் பார்க்க வேண்டும். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். பட்டன் தேயாவிட்டாலும் ரப்பர் முதுமையடைகிறது. பக்கச் சுவரில் வெடிப்புகள் தோன்றுகின்றன. ஐந்தாண்டு கடந்த டயரை ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும் என்றும், பத்தாண்டு கடந்ததைத் தோற்றம் நன்றாயிருப்பினும் மாற்றிவிட வேண்டும் என்றும் டயர் நிறுவனங்கள் பல அறிவுறுத்துகின்றன.

இங்கு முதன்மையாக மனத்திற் கொள்ள வேண்டியது ஒன்று. காரணத்தை நீக்காமல் டயரை மட்டும் மாற்றுவது, நோயறியாமல் உரமிடுவது போன்றது. புது டயரும் அதே இடத்தில் தேயும். அலைன்மெண்ட் சோதனைக்குச் சில நூறு ரூபாய் செலவாகும். ஒரு டயருக்குச் சில ஆயிரம் ரூபாய். எது சிக்கனம் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

ஊராட்சிகள் செய்யத்தக்கவை

காற்றழுத்தம் அளக்கும் கருவி விலை குறைந்தது. ஒவ்வோர் ஊராட்சியும் ஒன்றை வாங்கி அலுவலகத்தில் வைத்தால், ஊரிலுள்ள கார், ஆட்டோ ஓட்டுவோர் அனைவரும் மாதம் இரு முறை தம் டயர்களை அளந்து கொள்ளலாம். குப்பை எடுத்துச் செல்லும் ஊராட்சி வாகனங்களின் டயர்களையும் இவ்வாறே அளந்து, பதிவேட்டில் எழுதி வரலாம். பட்டறையில் வேலை கற்ற இளைஞர் ஊரில் இருப்பின், ஒரு விடுமுறை நாளில் அவரைக் கொண்டு களத்துமேட்டில் செய்முறை விளக்கம் நடத்தலாம். வார்த்தையால் அறிவதைவிடக் கையால் தடவி அறிவது மறவாது.

நமது விவசாயியின் வண்டியில் வளைந்த கை மாற்றப்பட்டது, அலைன்மெண்ட் செய்யப்பட்டது. அதன்பின் போட்ட டயர் உள்ளும் புறமும் ஒரே சீராகத் தேய்ந்து வருகிறது. ஒவ்வொரு பயணத்துக்கும் முதல் நாள் மாலையில் அவர் ஸ்டீரிங்கை முழுதும் ஒடித்து, உள் விளிம்பைக் கையால் தடவிப் பார்த்த பின்னரே உறங்கச் செல்கிறார். தாயாரின் சிகிச்சை அதன்பின் ஒரு நாளும் தவறவில்லை.

அவர் விபத்துக்குப் பின் கற்றதை நாம் விபத்துக்கு முன்னரே கற்றுக் கொள்வோமாக.