கோலார் தங்க வயல்: ஒரு சுரங்க நகரம் புகட்டும் பாடம்

விளைநிலம் ஆண்டுதோறும் பலன் தரும்; சுரங்கம் அத்தகையதன்று. அகழ்ந்தெடுத்த தாது மீண்டும் விளைவதில்லை. ஆகவே, சுரங்கத்தை மட்டுமே நம்பி எழும் நகருக்கு மாற்றுத் தொழில் இன்றியமையாதது. கர்நாடகத்தின் கோலார் தங்க வயல் இதற்குச் சான்றாகும்.

எழுச்சி

1880 இல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்னும் இலண்டன் நிறுவனம் இங்குப் பணியைத் தொடங்கிற்று. அன்றைய வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் பகுதிகளின் வறண்ட சிற்றூர்களிலிருந்து தொழிலாளர் திரளாக வந்து 'லைன்' எனப்பட்ட வரிசைக் குடியிருப்புகளில் வாழ்ந்தனர். பேத்தமங்கலம் ஏரி குடிநீர் தந்தது. 1902 இல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவுக்கு மின்சாரம் கொண்டுவரப்பட்டது.

தேய்வு

சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டியது. ஆழம் மிக மிக வெப்பமும், பாறை வெடிப்பு அபாயமும், தாதுவை மேலேற்றும் செலவும் பெருகின. தாதுவில் தங்கத்தின் அளவோ குறைந்துகொண்டே வந்தது. 1956 இல் மைசூர் அரசும், 1962 இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972 இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. உடைமை மாறியதே தவிர, தாதுவின் தரம் உயரவில்லை. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. 120 ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் தங்கம் கிடைத்திருந்தது.

பாடம்

மாற்றுத் தொழிலுக்கான முயற்சி அறவே இல்லாமற் போகவில்லை. 1964 இல் தோன்றிய பாரத் மண்வாரி இயந்திரத் தொழிற்சாலை இங்கேயே நிறுவப்பட்டது. எனினும், சுரங்கம் விட்டுச்சென்ற வெற்றிடத்தை ஒரு தொழிற்சாலை நிரப்ப இயலாது. மூடலுக்குப் பின் நகர மக்கள் பலர் நாள்தோறும் இரயிலேறிப் பெங்களூர் சென்று பிழைக்கலாயினர். தங்கம் பிரித்தபின் எஞ்சிய சயனைடு கலந்த மண்மேடுகள் நகரைச் சூழ்ந்து நின்றன. காற்றடிக்கும் காலத்தில் அவற்றின் தூசி வீடுகளுக்குள் புகுந்தது.

தாதுவின் தரம் ஒரே நாளில் வீழ்வதில்லை. அதன் சரிவு பல்லாண்டுகளுக்கு முன்னரே கணக்கேடுகளில் தெரிந்துவிடும். வருவாய் பெருகும் காலத்திலேயே மாற்றுத் தொழிற்பயிற்சிக்கும் நிலச் சீரமைப்புக்கும் நிதி ஒதுக்குதல் வேண்டும். சுரங்கம் மூடுவதற்கான திட்டத்தை விதிகள் கட்டாயமாக்கியது 2003 இல்தான். கோலாருக்கு அது காலங்கடந்து வந்தது. பிற சுரங்க நகரங்களுக்கேனும் அது காலத்தில் பயன்படுதல் வேண்டும்.