பாப்பாவுக்குப் பெரியப்பா எழுதுவது



உன் கடிதத்தை அம்மாவிடம் காட்டவில்லை. ஆசை, நம்பிக்கை என்று எதுவுமே கிடையாது, உள்ளே இருப்பது நரம்புதான் என்று எழுதியிருந்தாய். அது போகட்டும். "எனக்கு எதிலும் ஆசையில்லை, நான் எதற்கும் லாயக்கில்லை" என்று அதற்கு மேலே ஒரு வரி இருந்ததே, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

பால் சர்ச்லாண்டின் 1981 கட்டுரையைப் படித்திருக்கிறாய், தெரிகிறது. ரசவாதம் ஒழிந்ததுபோல ஆசை, நம்பிக்கை என்ற இந்தப் பேச்சும் ஒழியலாம் என்கிறார். கெட்டிக்காரர்தான். ஆனால் ஆன்ஸ்கோம் 1957-ல் எழுதிய 'இன்டென்ஷன்' புத்தகத்தையும் எடுத்துப் பார். ஒருவன் மனைவி கொடுத்த சீட்டோடு கடைக்குப் போகிறான். ஒரு துப்பறிபவன் பின்னாலேயே போய், அவன் கூடையில் போடுவதையெல்லாம் தன் சீட்டில் எழுதிக்கொள்கிறான். கூடையும் சீட்டும் ஒத்துப்போகவில்லை என்றால், வாங்குகிறவன் கூடையைத் திருத்த வேண்டும். துப்பறிபவன் தன் சீட்டைத் திருத்த வேண்டும். பின்னால் வந்தவர்கள் ஆசையையும் நம்பிக்கையையும் இப்படித்தான் பிரித்துக் காட்டினார்கள்: ஆசை வாங்குகிறவன் சீட்டு, நம்பிக்கை துப்பறிபவன் சீட்டு.

'லாயக்கில்லை' என்பது துப்பறிபவன் சீட்டு, பாப்பா. அதைச் சரிபார்க்கலாம். உன் மார்க் இருக்கிறது, உன் கட்டுரைகள் இருக்கின்றன. அதை வெறும் நரம்பு என்று ஒதுக்கிவிட்டால் எதை வைத்துத் திருத்துவாய்? எண்ணம் என்றால் அது எதையாவது பற்றியதாக இருக்கும் என்று பிரென்டானோ 1874-லேயே சொல்லிவிட்டார். எது பற்றியது என்று நரம்பை மட்டும் பார்த்துச் சொல்ல முடியுமா?

எங்கள் கல்லூரியில் தத்துவத் துறையை மூடியபோதும், எல்லாம் நரம்புதான் என்று உன்னைப்போலவேதான் சொன்னார்கள். மனசைப் பற்றி இனி லேப் பேசிக்கொள்ளுமாம். துறை நூலகத்துப் புத்தகங்களைத் தராசில் வைத்துப் பழைய பேப்பர்காரனிடம் போட்டார்கள். ஹியூம் புத்தகத்தின் முதுகு அட்டை கிழிந்து தொங்கியது. எனக்கு இன்னும் ஆறவில்லை. இப்போது நீயும் தத்துவத்தை விட்டு லேபுக்கு மாறப்போகிறேன் என்கிறாய். உன் இஷ்டம்தான், நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஆனால் இந்த மனநிலையில் எந்த ஃபாரத்திலும் கையெழுத்துப் போடாதே. ஒரு வருஷம் பொறு.

தூக்கம் வரவில்லை என்றால் டாக்டரைப் பார். மாத்திரை கொடுத்தால் போட்டுக்கொள். நான் சொன்னதற்கும் அதற்கும் சண்டையே இல்லை.

நம் வீட்டில் உன்னைப்போல யோசிக்கிறவர்கள் யாருமில்லை, கண்ணு. நீ லேபுக்கே போனாலும் நீ எழுதுவதை முதலில் படிக்கிறவன் நானாகத்தான் இருப்பேன். பெரியம்மா பருப்புப்பொடி அனுப்பியிருக்கிறாள், அக்கவுண்ட்டில் கொஞ்சம் பணமும் போட்டிருக்கிறேன். எத்தனை மணியானாலும் போன் பண்ணு, எடுப்பேன்.

பெரியப்பா